செல்ஃப் எடுக்காத வண்டியை உருட்டியும் ஹேண்டில் போட்டும் ஸ்டார்ட் பண்ணுவது எப்படி: மலைநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மட்டக்களப்பில் வண்டியை எங்கே நிறுத்தினாலும் அது அங்கேயே நிற்கும். பாலத்து ஏற்றத்தைத் தவிர மேடு என்று ஒன்று இல்லாத ஊர். அந்த ஊர்க்காரன் நான், மாமா விட்டுப்போன மொரிஸ் மைனரையும் ஓட்டிக்கொண்டு தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தேன். வந்த இரண்டாவது வாரம் செல்ஃப் ஸ்டார்ட்டர் படுத்துவிட்டது. அதன் பிறகு மூன்று மாதம், "சேர், இன்னைக்கும் தள்ளணுமா?" என்ற கேள்வியோடுதான் என் காலை விடிந்தது.

அந்த மூன்று மாதத்தில் உருட்டி எடுக்கப் பழகினேன், எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைப் போடப் பழகினேன், ஒரு தடவை மணிக்கட்டையும் வீங்க வைத்துக்கொண்டேன். தேவையில்லாத பொருட்களுக்குக் காசும் கொடுத்தேன். நீங்கள் அதையெல்லாம் செய்ய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. உங்கள் வண்டி இதற்கு ஒத்துவருமா?

கிளச் மிதியும் கையால் மாற்றும் கியரும் உள்ள வண்டியைத்தான் உருட்டி எடுக்கலாம். ஓட்டோ கியர் கார், ஹைபிரிட், கியர் இல்லாத ஸ்கூட்டர், இந்த மூன்றிலும் முயற்சி செய்யாதீர்கள். சக்கரம் சுற்றினால் எஞ்சினும் சேர்ந்து சுற்ற வேண்டும், அதுதான் இந்த வித்தையின் அடிப்படை. இவற்றில் அந்தத் தொடர்பு கிடைக்காது. பள்ளத்தில் வேகம் ஏறும், எஞ்சின் எழும்பாது, நீங்கள் கீழே போய்ச் சேருவீர்கள்.

அடுத்து பெட்டரி. "தள்ளினால் பெட்டரியே வேண்டாம்" என்று பலர் சொல்வார்கள். பழைய டீசல் எஞ்சின்களில் அது பெரும்பாலும் சரி. எஞ்சினை நிறுத்துவதற்கு வயரால் இழுக்கும் குமிழ் உள்ள லொறி, டிராக்டர்களுக்கு உருண்டாலே போதும். சாவியைத் திருப்பினால் நிற்கும் டீசல் எஞ்சினில் எண்ணெயைத் திறந்துவிட ஒரு மின்வால்வு இருக்கும், அதற்குக் கரண்ட் வேண்டும். காபரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள பெற்றோல் காருக்குக் கொயிலில் பொறி வர ஓரளவு கரண்ட் போதும். இன்ஜெக்‌ஷன் உள்ள புதிய கார்களில் பெற்றோல் பம்ப், கம்பியூட்டர் எல்லாமே பெட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. டாஷ்போர்டில் ஒரு விளக்குக்கூட எரியவில்லை என்றால் தள்ளுகிறவர்களின் மூச்சுத்தான் வீண். வேறு வண்டியின் பெட்டரியோடு இணைக்கும் ஜம்பர் வயரைத் தேடுங்கள்.

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் "டக் டக் டக்" என்று அடித்து, காபரேட்டர் நிரம்பியதும் அமைதியாகும். அந்தச் சத்தம் வந்தால் உருட்டி எடுக்கப் போதுமான கரண்ட் இருக்கிறது. சத்தம் நிற்காமலே போனால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது.

2. தள்ளுவதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள்

இந்தப் படியைத்தான் நான் மூன்று மாதம் தாண்டிக் குதித்தேன்.

ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரை இழுத்துப் பாருங்கள். விளக்கு மங்கி அணையப் போனால், ஒன்று பெட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது பெட்டரி முனை பூத்துப்போய்க் கிடக்கிறது. விளக்கு பளிச்சென்று இருக்க, ஒரு சத்தமும் வராவிட்டால் சுவிட்ச் அல்லது வயர் பிரச்சினை. விளக்கும் இருந்து, ஒரேயொரு "டக்" மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டரின் உள்ளே கார்பன் தேய்ந்திருக்கலாம். அப்போது சுத்தியல் காம்பால் ஸ்டார்ட்டரின் உடம்பில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினால் சில நேரம் எடுக்கும். அப்படி எடுத்தால் அது ஒரு தவணைதான். அன்றைக்கே கராஜுக்குப் போங்கள்.

வோல்ட் மீற்றர் இருந்தால் இன்னும் எளிது. ஓய்வில் இருக்கும் நல்ல பெட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் சார்ஜ் போடுங்கள்.

பழைய கார்களில் இன்னொன்றும் உண்டு. ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் பிளைவீல் பல்லில் போய்க் கடித்துக்கொண்டு திரும்பி வராது. விளக்கு மங்கும், "டங்" என்று ஒரு சத்தம் வரும், எஞ்சின் அசையாது. அப்போது சாவியை அணைத்து, டொப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சமதரையில் மட்டும், ஒருவர் பிரேக்கை அழுத்தத் தயாராக உள்ளே உட்கார்ந்திருக்க. கடி விட்டதும் செல்ஃப் வழக்கம்போல் எடுக்கும். இதைத் தெரியாமல் ஹேண்டிலைப் போட்டு முக்கினால் ஹேண்டிலும் திரும்பாது.

இப்போது என் கதை. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட்டரை இழுக்கும்போதும் சோக் வயர் (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிவிட இழுக்கும் கம்பி) சூடாகியது. ஒரு நாள் லேசாகப் புகையும் வந்தது. பழைய கார் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். உண்மையில் எஞ்சினையும் காரின் பொடியையும் (உடற்பகுதியையும்) இணைக்கும் ஏர்த் வயர் துருப்பிடித்து அறுந்துபோயிருந்தது. ஸ்டார்ட்டருக்குப் போன கரண்ட் திரும்பி வர வேறு வழியில்லாமல் அந்த மெல்லிய சோக் வயர் வழியாக வந்திருக்கிறது. பொறிக்கும் பம்புக்கும் தேவைப்படும் சின்னக் கரண்ட் அதன் வழியாகவே போய்வந்துவிடும். அதனால்தான் தள்ளினால் கார் ஒழுங்காக எடுத்தது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. சோக் வயரோ எக்சிலேட்டர் வயரோ சூடானால் ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம், நேரே ஏர்த் வயரைப் பாருங்கள்.

3. முதல்நாள் மாலையிலேயே இடம் பார்த்து நிறுத்துங்கள்

செல்ஃப் நம்பிக்கையில்லாத வண்டியின் காலை, முதல்நாள் மாலை எங்கே நிறுத்தினோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது. மூக்கு பள்ளத்தைப் பார்த்திருக்க வேண்டும். முன்னால் குறைந்தது ஐம்பது மீற்றர் நேரான சரிவு வேண்டும். அதன் முடிவில் சமதரையோ சிறிய ஏற்றமோ இருந்தால் மிக நல்லது. எங்கள் தோட்டத்தில் மேட்டு லயத்துக்கு (தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) பக்கத்தில் நிறுத்தினால், சரிவு நேரே, காலையில் தொழிலாளர்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் போய் முடியும். எஞ்சின் எடுக்காவிட்டாலும் வண்டி களத்தில் தானாக நின்றுவிடும். அப்படி ஓர் இடம் உங்கள் வீட்டுப் பக்கத்திலும் இருக்கும், நடந்து பாருங்கள்.

வளைவுக்கு மேலே நிறுத்தாதீர்கள். கொண்டை ஊசி வளைவுக்கு மேலே என்றால் அந்த எண்ணமே வேண்டாம்.

இரவில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்காரர்களைப் பாருங்கள், நின்றதும் முதல் வேலையாக கிளீனர் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். நீங்களும் ஆப்பு வடிவில் இரண்டு கட்டை வைத்துக்கொள்ளுங்கள். கல் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். ஸ்டீயரிங்கைச் சிறிது மண்திட்டுப் பக்கம் ஒடித்து வையுங்கள். ஒருவேளை உருண்டால் மண்ணில் முட்டி நிற்கட்டும், பள்ளத்துப் பக்கம் போக வேண்டாம்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் நுவரெலியாப் பக்கம் புல்லில் பனி உறைந்து கிடக்கும். குளிரில் எஞ்சின் ஒயில் கெட்டியாகிச் சுற்றக் கடினமாகும். அதே நேரம் பெட்டரியின் வலுவும் குறையும், உறைநிலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சமவெளியில் ஒரு வருடம் தாக்குப்பிடித்திருக்கும் பெட்டரி இங்கே முதல் பனிக் காலையில் கையை விரிக்கும். பொனட்டின் மேல் ஒரு பழைய கம்பளியைப் போட்டு வைப்பது கண்ணாடிக்கும் நல்லது, எஞ்சினுக்கும் கொஞ்சம் நல்லது. காலையில் எடுக்க மறந்துவிடாதீர்கள்.

4. சரிவில் உருட்டி எடுப்பது

வரிசையாகச் சொல்கிறேன். முதல் தடவை செய்யும்போது பக்கத்தில் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஏறி, காலால் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். பிறகுதான் கட்டையை எடுக்கச் சொல்ல வேண்டும். கட்டையை எடுப்பவர் பக்கவாட்டில் நின்று எடுக்க வேண்டும், சக்கரத்துக்கு முன்னால் குனியக் கூடாது.

சாவியை ஓன் நிலைக்குத் திருப்புங்கள். இதை மறப்பவர்கள் அதிகம். புதிய கார்களில் சாவி இல்லாமல் உருண்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், பள்ளத்தில் போகும் வண்டியின் ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை. டீசல் என்றால் ஹீட்டர் விளக்கு அணையும் வரை காத்திருங்கள். பெற்றோல் காபரேட்டர் என்றால், எஞ்சின் குளிர்ந்திருந்தால் சோக்கை இழுங்கள்.

ஹெட்லைட், வைப்பர், ரேடியோ எல்லாவற்றையும் அணையுங்கள். அதனால்தான் இருட்டிலும் மூடுபனியிலும் இந்த வேலை வேண்டாம் என்கிறேன். விளக்கில்லாமல் உருளும் வண்டியை எதிரே வரும் பஸ்ஸுக்குத் தெரியாது.

கிளச்சை முழுதாக மிதித்து இரண்டாவது கியரில் போடுங்கள். முதல் கியரில் போட்டால் வண்டி ஒரேயடியாக உதறும், பாசி பிடித்த தோட்டத்து ரோட்டில் சக்கரம் சுற்றாமல் சறுக்கும்.

பிரேக்கை விடுங்கள். வண்டி ஓடும் ஆளின் வேகத்துக்கு வரட்டும், மணிக்குப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர். கிளச்சைச் சட்டென்று விடுங்கள். மெதுவாக விட்டால் கிளச் தேயும், எஞ்சின் சுற்றாது. ஒரு உதறல் வரும், எஞ்சின் இருமும். இருமிய அந்தக் கணத்திலேயே கிளச்சை மறுபடி மிதித்து, எக்சிலேட்டரை லேசாக அழுத்திப் பிடியுங்கள். இந்த இரண்டாவது மிதியில்தான் எல்லோரும் தடுமாறுவோம். எஞ்சின் எடுத்த சந்தோஷத்தில் கிளச்சை மறந்துவிட்டால், எடுத்த எஞ்சின் இரண்டு குதி குதித்து அணைந்துவிடும்.

எடுக்கவில்லை என்றால்? கிளச்சை மிதித்து, பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். பிரேக் பூஸ்டர் உள்ள கார்களில் எஞ்சின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதிக்குத்தான் உதவி மிஞ்சியிருக்கும், அதன் பிறகு மிதி கல்லாகிவிடும். விட்டுவிட்டு மிதித்து அதை வீணாக்காதீர்கள். பவர் ஸ்டீயரிங்கும் அப்போது கனக்கும். மொரிஸ் மைனருக்கு இந்த இரண்டு வசதியும் ஆரம்பத்திலிருந்தே கிடையாது, அதனால் இழப்பதற்கும் எதுவும் இல்லை.

ஒரு சரிவில் இரண்டு முயற்சி, அவ்வளவுதான். மூன்றாவது தடவைக்குச் சரிவும் மிஞ்சாது, பெற்றோல் வாசனையும் அடிக்கத் தொடங்கும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கீழ்நாட்டில் சரிசெய்த காபரேட்டர் இங்கே தேவைக்கு மேல் பெற்றோலை விடும், பிளக் சீக்கிரம் நனையும். வாசனை வந்தால் சோக்கை உள்ளே தள்ளி, பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு, எக்சிலேட்டரை முழுதாக அழுத்தியபடி மறுபடி முயலுங்கள். சைலன்சரில் புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிற்றிக் உள்ள புதிய கார்களில் திரும்பத் திரும்ப இதைச் செய்தால் எரியாத பெற்றோல் அதற்குள் போய் அதைக் கெடுத்துவிடும். அதன் விலையைக் கேட்டால் குளிரிலும் வியர்க்கும்.

5. ஆள் வைத்துத் தள்ளுவது

மொரிஸ் மைனர் ஏறத்தாழ முக்கால் தொன். சமதரையில் மூன்று பேர் போதும், சற்று ஏற்றம் என்றால் ஐந்து பேர் வேண்டும். எல்லோரும் பின்னால் மட்டும் நிற்க வேண்டும். முன் கதவைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, ஓடியபடியே உள்ளே தாவி ஏறுவது எல்லாம் வேண்டாம். நான் தாவி ஏறப் போய்த்தான் விழுந்தேன், மணிக்கட்டு வீங்கிய கதை அதுதான்.

கிளச்சை விடும்போது வண்டி ஒரு கணம் பிடித்து நிற்பதுபோல் இருக்கும், பின்னால் தள்ளுகிறவரின் முகம் கண்ணாடியில் போய் மோதும். "விடுறேன்" என்று சத்தம் போட்டுவிட்டு விடுங்கள். அவர்கள் கையை நீட்டித் தள்ளினால் நல்லது, தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டாம். டீசல் என்றால் புகைக்குழாய்க்கு நேரே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெள்ளைச் சட்டை போட்டவர் முக்கியமாக.

பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளைத் தள்ளக் கூப்பிடாதீர்கள். அவர்கள் சந்தோஷமாகத்தான் வருவார்கள், அதுதான் பிரச்சினை.

கயிறு கட்டி இழுத்து எடுப்பதைச் சமவெளியில் செய்திருப்பீர்கள். மலை ரோட்டில் செய்யாதீர்கள். இழுக்கும் வண்டி பிரேக் பிடித்தால் நீங்கள் பூஸ்டர் இல்லாத பிரேக்கோடு அதன் முதுகில் போய் ஏறுவீர்கள்.

தள்ளுகூலி: இஞ்சி போட்ட பிளேன்டீயும் ஆளுக்கு ஒரு ரோல்ஸும். இது எழுதப்படாத சட்டம். காசாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், டீயை மறந்தால் மறுநாள் வர மாட்டார்கள்.

6. மூக்கு மேட்டைப் பார்த்து நின்றுவிட்டால்

பின்கியரில் போட்டு, பின்பக்கமாக உருட்டியும் எடுக்கலாம். ஆனால் பின்கியர் பலமான கியர், உதறல் அதிகம். பின்னால் பார்த்துக்கொண்டே ஸ்டீயரிங்கையும் பிடித்துக் கிளச்சையும் விட வேண்டும். வெறிச்சோடிய தோட்டத்து ரோட்டில் ஒரு முயற்சி செய்யலாம். பிரதான ரோட்டில் வேண்டாம்.

7. ஹேண்டில் போட்டு எடுப்பது

சமதரையில் மாட்டிக்கொண்டு, ஆளும் இல்லையென்றால் இதுதான் வழி. மொரிஸ் மைனர், பழைய லேண்ட் ரோவர் போன்றவற்றில் முன்பக்கம் பம்பரை ஒட்டி இதற்கென்றே ஒரு துளை இருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் ஸ்டெப்னி, ஜாக் இருக்கிறதா என்று பார்ப்பதோடு ஹேண்டிலையும் கேட்டு வாங்குங்கள். வேறு காரின் ஹேண்டிலை வெட்டி ஒட்டிப் போடாதீர்கள், பாதியில் நழுவினால் தாடை போகும்.

நியூட்ரலில் போடுங்கள். இருமுறை பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். கியரில் இருக்கும்போது எஞ்சின் எடுத்துவிட்டால் கார் உங்கள் மேலேயே ஏறும், நீங்கள் நிற்பது அதன் முன்னால்தான். சால்வை, மப்ளர், தொங்கும் சட்டைக் கை எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள்.

சாவியை அணைத்த நிலையில், சோக்கை இழுத்துவிட்டு, இரண்டு மூன்று சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். சிலிண்டருக்குள் பெற்றோல் போகும், ஒயிலும் கொஞ்சம் இளகும். காரைப் பார்த்து நிற்கும்போது கடிகாரம் சுற்றும் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு தடை வரும், அதுதான் கம்பிரசன். தடை தொடங்கும் இடத்தில் ஹேண்டில் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள்.

இப்போது சாவியைப் போடுங்கள். இனிச் செய்வதுதான் முக்கியம்.

கட்டைவிரலை மற்ற நான்கு விரல்கள் இருக்கும் பக்கத்திலேயே வையுங்கள். கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது, கொக்கி போல விரல்களை மாட்டுங்கள். இடக் கை நல்லது. கீழேயிருந்து மேலே ஒரே இழுப்பு, அரைச் சுற்று. மேலே வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். மேலேயிருந்து கீழே அமுக்காதீர்கள். எஞ்சின் சில நேரம் முன்னதாகவே வெடித்துப் பின்பக்கமாக உதைக்கும். கீழேயிருந்து மேலே இழுக்கும்போது உதைத்தால் ஹேண்டில் விரலிலிருந்து உருவிப் போய்விடும். மேலேயிருந்து அமுக்கும்போது உதைத்தால் கட்டைவிரலும் மணிக்கட்டும் அதன் வழியில் நிற்கும். காருக்கு ஹேண்டில் போட்ட காலத்தில் டாக்டர்கள் அந்த மணிக்கட்டு முறிவுக்குச் சாரதியின் பெயரையே வைத்துவிட்டார்கள், அவ்வளவு சாதாரணமாக நடந்திருக்கிறது.

வெறியோடு சுற்றிக்கொண்டே இருப்பது வேண்டாம். இழு, விடு, மூச்சு வாங்கு, மறுபடி இடம் பார்த்து வை, இழு. நல்ல எஞ்சின் நாலைந்து இழுப்பில் எடுக்கும். பத்து இழுத்தும் எடுக்கவில்லை என்றால் கோளாறு செல்ஃபில் இல்லை. பொயின்ட் (பொறி வரச் செய்யும் தொடுமுனை), பிளக், பெற்றோல் இந்த மூன்றில் ஒன்றைப் பாருங்கள்.

அப்படியும் கையில் அடிபட்டால், வீங்கிய கையோடு வண்டி ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

8. கை டிராக்டர், ஓட்டோ, மோட்டார் சைக்கிள்

மரக்கறித் தோட்டக்காரர்களின் கை டிராக்டருக்கும் சில தண்ணீர் மோட்டார்களுக்கும் ஹேண்டில்தான் செல்ஃப். இவை டீசல், முறை வேறு. எஞ்சின் தலையில் ஒரு சின்ன லீவர் இருக்கும், அதைத் தூக்கிப் பிடித்தால் கம்பிரசன் விட்டுப்போகும், ஹேண்டில் இலேசாகச் சுற்றும். முடிந்த வரை வேகமாகச் சுற்றி, வேகம் ஏறியதும் லீவரை விட்டு, இன்னும் ஒரு சுற்றுக்குக் கையை எடுக்காமல் இருங்கள். எஞ்சின் எடுத்ததும் ஹேண்டில் தானாகக் கழன்று கையோடு வரும். வராமல் சிக்கிச் சுழன்றால் அதைப் பிடிக்கப் போகாதீர்கள், விலகி நின்று டீசலை மூடுங்கள். ஹேண்டில் பொருந்தும் முனையை வாரம் ஒருமுறை துடைத்துக் கிரீஸ் தடவினால் இந்தச் சிக்கல் அநேகமாக வராது. மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள், குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டு ஓட விடுவது அதைவிட மோசம். அந்தப் புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு வாசனையே இல்லை, ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

பழைய பஜாஜ் ஓட்டோவில் சாரதியின் ஆசனத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே இழுக்கும் லீவர் இருக்கும், அது இருக்கும் வரை தள்ள வேண்டியதில்லை. மோட்டார் சைக்கிளை இரண்டாவது கியரில் போட்டு, உருட்டி, கிளச்சை விடும் அதே கணத்தில் ஆசனத்தில் பலமாக உட்காருங்கள். பாரம் இல்லாவிட்டால் பின்சக்கரம் சறுக்கும்.

9. எடுத்த பிறகு அணைக்காதீர்கள்

டைனமோ உள்ள பழைய கார், நின்ற இடத்தில் இரைந்துகொண்டிருந்தால் சார்ஜ் ஆகாது. சிவப்பு விளக்கு மினுமினுக்கும், வேகம் கூடியதும் அணையும். விளக்கு அணையும் வேகத்தில் ஓட வேண்டும். ஓல்டர்னேட்டர் உள்ள காரில் எஞ்சின் ஓடும்போது பெட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் ஆகிறது என்று அர்த்தம். இறங்கிப்போன பெட்டரிக்கு அரை மணி ஓட்டம் போதாது. நானுஓயா வழியாக நுவரெலியா வரை போய் வந்தால் ஓரளவு ஏறும். முழுதாக ஏற வேண்டுமென்றால் கழற்றிக் கொண்டுபோய் ஓர் இரவு சார்ஜில் போடுவதுதான் வழி. 40 அம்பியர்-மணி (Ah) பெட்டரிக்கு 4 அம்பியரில் பத்து மணித்தியாலம். அவசர சார்ஜ் என்று ஒரு மணியில் ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், தகடு வளைந்துவிடும்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். பாடசாலை 7.30க்கு. செல்ஃப் இல்லாத காலத்தில் நான் 6.15க்கே வண்டிக்குப் பக்கத்தில் இருப்பேன். நல்ல நாளில் ஐந்து நிமிட வேலை, கெட்ட நாளில் நாற்பது நிமிடம். ஏழு மணிக்குப் பிறகு அந்த ரோட்டில் பிள்ளைகளும் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர்களும் நடக்கத் தொடங்கிவிடுவார்கள், அப்புறம் உருட்டவே முடியாது.

10. காகிதங்கள்

"எஞ்சினே ஓடவில்லை, சும்மா உருளுகிறது" என்பது பொலிசிடம் செல்லாது. பொது ரோட்டில் சக்கரம் உருண்டால் சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வாகன வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் இருக்க வேண்டும். தள்ளும்போது யார் ஸ்டீயரிங்கில் உட்காருகிறார் என்பதையும் கவனியுங்கள். நீங்கள் இறங்கித் தள்ள, லைசன் இல்லாத பக்கத்து வீட்டுத் தம்பி உள்ளே உட்கார்ந்திருந்து, வண்டி யாருடைய வேலியிலாவது மோதினால் காப்புறுதிக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். லைசன் உள்ளவர் ஸ்டீயரிங்கில், மற்றவர்கள் பின்னால்.

முழுக் காப்புறுதி எடுத்திருந்தால், வழியில் நின்ற வண்டிக்கு உதவி அனுப்பும் வசதி உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று வாசியுங்கள். பலருக்கு இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. மூன்றாம் நபர் காப்புறுதி மட்டும் என்றால் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பெரிய சிக்கல் புகைப் பரிசோதனையில் இருக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க அந்தச் சான்றிதழும் செல்லுபடியாகும் காப்புறுதியும் வேண்டும். நான் தள்ளி எடுத்த காரை ஓட்டிக்கொண்டு பரிசோதனைக்குப் போனேன். வரிசையில் முன்னால் ஆறு வண்டி. எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன். என் முறை வந்தபோது அந்தச் சமதரையில் ஹேண்டில் போட்டு எடுக்க இருபது நிமிடம் ஆனது, அதற்குள் எஞ்சின் ஆறிவிட்டது. ஆறிய எஞ்சின், இழுத்த சோக், சரியில்லாத காபரேட்டர், புகை தேறவில்லை. மறுபடி வர வேண்டியதாயிற்று. அதனால் வரிசை இதுதான்: முதலில் செல்ஃபைச் சரிசெய்யுங்கள், பிறகு காபரேட்டரை இந்த உயரத்துக்குச் சரிசெய்யுங்கள், பிறகு எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிக்கொண்டு பரிசோதனை, அதன் பிறகு பிரதேச செயலகம். திகதி முடிய ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள், பிந்தினால் தண்டப்பணம் சேரும்.

11. கராஜுக்குப் போகும்போது

ரூபாய்க் கணக்கு எழுதினால் அடுத்த மாதமே பழசாகிவிடும், அதனால் மலிவானதிலிருந்து விலை கூடியது வரை வரிசை சொல்கிறேன். இந்த வரிசையிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

பெட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்து இறுக்குவது, செலவே இல்லை. ஏர்த் வயர் மாற்றுவது, கையில் இருக்கும் காசுக்கு முடியும். ஸ்டார்ட்டர் சுவிட்ச் அல்லது சொலனொயிட். ஸ்டார்ட்டரைக் கழற்றிக் கார்பனும் புஷ்ஷும் போடுவது, அரை நாள் வேலை, கூலிதான் அதிகம். ஆர்மேச்சர் கட்டுவது, இரண்டு மூன்று நாள் வண்டி நிற்கும். கடைசியாகப் புதிய பெட்டரி.

நான் போன கராஜில் இந்தப் பட்டியலைத் தலைகீழாகச் செய்தார்கள். முதலில் பெட்டரி வாங்க வைத்தார்கள், பிறகு ஸ்டார்ட்டரைக் கழற்றி ஓவரோல் செய்தார்கள். இரண்டுக்கும் காசு கொடுத்த பிறகும் காரைத் தள்ளித்தான் வெளியே எடுத்தோம். கழற்றிய பழைய கார்பனைக் காட்டுங்கள் என்று கேட்கவும் எனக்கு அப்போது தெரியவில்லை. நீங்கள் கேளுங்கள். பழைய பெட்டரியையும் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள், அதற்கு ஒரு விலை உண்டு, புதியதில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஏர்த் வயரைக் கண்டுபிடித்தது லொறி ஓட்டும் ஓர் அண்ணன். களத்தில் தள்ளிக்கொண்டிருந்தபோது பொனட்டைத் திறக்கச் சொன்னார். ஸ்டார்ட்டரை ஒருமுறை இழுக்கச் சொல்லிவிட்டுச் சோக் வயரைத் தொட்டுப் பார்த்தார், கையை உதறினார். பிறகு லொறியிலிருந்து ஜம்பர் வயரின் ஒரு துண்டை எடுத்து, ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை பொடியில் சுரண்டிய இடத்திலும் கவ்வ வைத்து, "இப்ப இழுங்க சேர்" என்றார். செல்ஃப் எடுத்தது. தள்ள வந்த நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.